கம்ப்யூட்டருக்குக் கொடுத்த முடி

தொண்ணூறுகளின் கடைசியில், பன்னிரண்டாவது முடித்த கையோடு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காக அப்பாவுடன், எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவுடன், திருப்பதி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கம். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நைனா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை 'மெக்கானிக்' என்றுதான் தெருவே கூப்பிடும். தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து வெளியே விழுந்தால், எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஸ்பேனரும் நானே எடுப்பேன். ஆகவே மெக்கானிக்கல்தான் என்று எப்போதோ முடிவு பண்ணியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் போய்விட்டான். அவன் அம்மா தண்ணீர் பிடிக்க வந்தால்கூடக் குழாயடியில் வழிவிடுவார்கள்.

திருப்பதி வரை போய்விட்டு மலை ஏறாமல் வருவதா? முதல் நாளே திருமலைக்குப் போனோம். நல்ல ரேங்க் வந்திருக்கிறது, உன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன் என்றார் நைனா. பெண் பிள்ளைதானே, மூன்று கத்தரி வெட்டினால் போதும் என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். கொடுப்பது என்றால் முழுசாகக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். இடுப்பு வரை இருந்த முடி மளமளவென்று போய்விட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் மலையிறங்கும்போது, மொட்டைத் தலையில் காற்றுப் பட்டு ஜம்மென்று இருந்தது.

அப்போதுதான் நைனா குஷியாக வாயைத் திறந்தார்.

"கம்ப்யூட்டர் சீட்டு கெடைச்சா முடி தரேன்னுதாம்மா வேண்டிக்கினேன். அதுக்குன்னு இன்னொரு வாட்டி யாரு வர்றது? முன்னாடியே குடுத்தாச்சி. இனிமே அவரு பாத்துக்குவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டுக்கு முன்னாலேயே வேண்டுதலைத் தீர்த்துவிட்டு, பெருமாளையே கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்! என்னையும் சேர்த்துத்தான். அடுத்த நாலு வருஷத்துக்கு, ஏன் ஆயுசுக்கே, என் தலையெழுத்தைத் தலைமுடியோடு சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது. அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டேன்.

கவுன்சிலிங் ஹாலில் சான்றிதழ் சரிபார்த்த பெண்மணி, போட்டோவில் இருந்த பின்னலையும் எதிரில் இருந்த மொட்டையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். திருப்பதியில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சுவரோரம் டிவியில் ஒவ்வொரு பிரிவிலும் மிச்சமிருந்த இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல். என் ரேங்குக்கு எல்லாமே இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

என் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, எந்தப் பிரிவு என்று கேட்டார்.

"மெக்கானிக்கல், சார்."

நைனா என் முழங்கையைப் பிடித்தார். "இன்னாம்மா சொல்ற? சாமி குத்தமாயிடும். கம்ப்யூட்டர்னு சொல்லு."

"எனக்கு அது வேணாம் நைனா. மெக்கானிக்கல்தான்."

அதிகாரி என்னை விட்டுவிட்டு, அவரைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: "ஆடபில்லக்கி மெக்கானிக்கல் எந்துக்கண்டி?" பெண் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு, நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பு நைனாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தெலுங்கில் ஆரம்பித்தவர் கோபத்தில் தமிழுக்குத் தாவிவிட்டார்.

"இன்னா சார் பொம்பள புள்ள? என் தறி மோட்டார அக்கு அக்கா கழட்டி மாட்றவ சார் இவ. உங்க ஆம்பள புள்ளைங்கள ஒருத்தன வந்து கழட்டச் சொல்லு, பாக்கலாம்! மெக்கானிக்கலே போடு சார்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. அதிகாரி மெக்கானிக்கலே போட்டார்.

வெளியே வந்ததும் நைனாவுக்குக் கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் போனது ஒரு பக்கம், சாமியிடம் சொன்ன வார்த்தை தப்பியது இன்னொரு பக்கம். திடீரென்று வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வா, மேல போலாம்."

"எதுக்கு நைனா?"

"அந்த முடி கம்ப்யூட்டருக்குக் குடுத்தது. அத திருப்பிக் கேக்க முடியுமா? மெக்கானிக்கலுக்கு வேற குடுக்கணும்ல. உன்கிட்டதான் இல்லியே, நான் குடுக்கறேன். அவருகிட்ட நான் பேசிக்கறேன், நீ படி."

என் நைனாவுக்குத் தன் முடி மேல் கொள்ளை ஆசை. எண்ணெய் தடவி, படிய வாரி, கண்ணாடியில் இரண்டு பக்கமும் பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார். அதைக் கொடுத்துவிட்டு, வெளுத்த மண்டையைத் தடவிக்கொண்டு அவர் வந்தபோது நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். இரண்டு மொட்டையும் ஊருக்குள் இறங்கியதைத் தெரு ஒரு வாரம் பேசியது.

இப்போது தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம், பிடித்ததைத் துணிந்து எடு என்று தைரியமாகச் சொல்கிறேன்; ஆனால் எனக்காகப் பெருமாளிடமே போய்ப் பேசிவிட்டு வர ஒரு நைனா இருந்ததால்தான் அந்தத் தைரியம் எனக்கு நிலைத்தது என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.