குளிரில் கிடந்த தகடு

கலக்கும் இயந்திரத்தின் முன்னால் அக்கா நிற்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் ஒரு பெயின்ற் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் இருவரும் வேலை செய்தோம். உறவில்லை, அங்கே தமிழ் பேசிய மற்ற ஆள் அவர் மட்டும், அதனால் அக்கா. கீறல் விழுந்தால் தானாகக் கூடிக்கொள்ளும் பெயின்ற் செய்வது எங்கள் வேலை. பிசின் போன்ற ஒரு திரவத்தைத் தண்ணீரில் அடித்து நுண்துளிகளாக்கி, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் முட்டை ஓடுபோல மெல்லிய கோது பிடிக்கவைத்து, பெயின்றில் கலப்போம். கீறல் விழும்போது கோது உடையும். திரவம் கசிந்து வெடிப்பை நிரப்பி இறுகும். கோது பிடிக்கும் நேரத்தில் அக்கா சாப்பிடக்கூட வரமாட்டார். "பொறு, இப்ப விட்டிட்டு வந்தா எல்லாம் கட்டிபட்டுப் போடும்" என்பார். எனக்குப் பசியில் எரிச்சல் வரும்.

வருடக்கணக்காக இரவு வேலை செய்து களைத்தவருக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் பகல் வேலை அது. பின்னேரங்களில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவதைப் பெரிய சொத்துப்போலச் சொல்வார். அந்த மாசியில், பெயின்ற் வாங்க வருபவருக்கு, அதைப் பூசிக் காட்டும் எங்கள் தகட்டில் நம்பிக்கை வராவிட்டால் பகுதியையே மூடுவோம் என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

வந்தவர் பெயின்ற் பூசிய தகட்டைத் தன் கையாலேயே கீறினார். நாங்கள் ஏமாற்றிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, அன்றிரவு தானே கொண்டுபோனார். சூடான அறையில் வையுங்கள், குளிரில் திரவம் உறைந்துவிடும் என்று அக்கா திருப்பித் திருப்பிச் சொன்னார். மனுசன் தலையாட்டிவிட்டு, அதைக் கார் டிக்கியில் போட்டபடியே போய்ப் படுத்துவிட்டார். ரொறன்ரோ மாசிக் குளிரில்! காலையில் கூடாமல் அப்படியே கிடந்த கீறலைக் காட்டிவிட்டு, விமானத்துக்கு நேரமாகிறதென்று கிளம்பினார். அத்தோடு எங்கள் பகுதி முடிந்தது.

அக்கா தகட்டை ஹீற்றர்மேல் வைத்துவிட்டு மேசையைத் துடைத்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். கீறிய இடத்தைத் தடவினேன், வழுவழுவென்றிருந்தது. மனேஜரிடம் ஓடினோம். நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு மாறாது என்றார். எனக்குத் தகட்டின்மேலேயே ஆத்திரம். "உது காலமையே கூடியிருக்கக் கூடாதே?" என்று கத்தினேன்.

"உதை ஏன் ஏசுறாய்? பாவம், விடிய விடியக் குளிரில கிடந்தது" என்றார் அக்கா.

அவர் மறுபடி இரவு வேலைக்குப் போய்விட்டார், இன்றைக்கும் அதுதான். பின்னேரம் போன் எடுத்தால் மகள்தான் கதைப்பாள். "அம்மா நித்திரை, அன்ரி. வேக் அப் பண்ணட்டா?"

வேண்டாம், படுக்கட்டும் என்று வைத்துவிடுவேன்.