பிரஷர் மெசேஜும் போலீஸ்காரரும்

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்தவர். ஓய்வு பெற்றது உடம்புதான். சந்தேகம் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு மோசடி மெசேஜ் வந்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அவருக்கு பிரஷர். ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டுகிறோம். மாத்திரை முடியும் சமயத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இவர் காதில் வாங்கவில்லை. மெசேஜ் வந்ததா என்று நான் கேட்டால், "ஒண்ணும் வரல. தலவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எதுக்கு மாத்திரை?" என்பார்.

தேவதானத்தில் இருக்கும் அவருடைய அண்ணனும் இப்படித்தான் மாத்திரையை நிறுத்தினார். ஒருநாள் எங்களோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்குக் குழறியது. அன்று விழுந்த கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. அதிலிருந்து இவர் டீக்கடைக்குப் போனால்கூட ஏதாவது சாக்கு வைத்துப் போன் செய்வேன். பேச்சு குழறாமல் வருகிறதா என்று கேட்கத்தான்.

ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் என் நம்பருக்குப் பேசினார். "அம்மா, மாத்திரை வாங்க வரச் சொல்லி சாருக்கு மெசேஜ் அனுப்புனோம். நீ எந்த ஊரு, எந்த ஸ்டேஷன் லிமிட்டுனு பதில் வந்துச்சு. பொறவு எங்க மெசேஜ் எதுவுமே போக மாட்டேங்குது."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அந்த நம்பரை பிளாக் செய்து வைத்திருந்தார்.

"நான் மாத்திரை திங்கது இவனுக்கு எப்படிட்டி தெரியும்? ஃபிராடுதான்" என்றார், திருடனைப் பிடித்த முகத்தோடு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பஸ் ஏறுங்க" என்றேன். அங்கே போய்ப் பார்த்தால் பிரஷர் எக்கச்சக்கம். டாக்டர் சத்தம் போட்டார். நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றும் சொன்னார். இவரோ நர்ஸிடம் விசாரணை நடத்தினார். எந்த நம்பரிலிருந்து வரும், யார் அனுப்புவது என்று. அந்தப் பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பி, இவர் பெயரையும் வர வேண்டிய தேதியையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் பிளாக்கை எடுத்தார்.

இப்போது மெசேஜ் வந்தால் மேலதிகாரி கூப்பிட்டதுபோல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போன தடவை தனியாகவே போனார். மதியம் அங்கிருந்து அவரே பேசினார்.

"ஏட்டி, நார்மலாம். போதுமா? இனிமே நான் டீ குடிக்கையில போன் அடிச்சு, பருப்பு வாங்கு, உப்பு வாங்குனு உசிர வாங்காத. நீ எதுக்குப் பேசச் சொல்லிக் கேக்கேனு எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு வார்த்தையும் அட்சர சுத்தமாக வந்தது. இன்னும் செத்த நேரம் திட்டட்டும் என்று போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.