நெட்வொர்க்காரர் வீட்டு நெட்

நெட் ஓடும்போது எங்களை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் எங்கள் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரையும் நினைத்துக்கொள்கிறார்கள். பெங்களூரில் வீடு, கடை, ஃபேக்டரி என்று ஒயர் இழுத்து, பெட்டி மாட்டி, பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பது என் தொழில். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற மந்திரத்தை நம்பி ஏமாந்த நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அதைச் சொல்லித்தான் நான் சோறு தின்கிறேன்.

இனி சொல்லப்போவதெல்லாம் நடந்த சமயத்தில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. விவேக் நகரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் வீடியோவில் பேசும் வேலை. வேலை நிரந்தரமாகும்வரை லைன் கட்டாகக் கூடாது, கட்டானால் தினமும் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த டிராஃபிக்கில் போய் வருவதற்கு வேலையையே விட்டுவிடலாம். அவளுக்கோ அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் லைன், சரியாக அவள் மீட்டிங்கில் உட்காரும்போது பார்த்து மண்டையைப் போடும். சாயங்காலம் நான் வந்து லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. ரூட்டரை மாற்றினேன். லைன் கம்பெனிக்காரனிடம் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பீரோவுக்குள் வைஃபை

மல்லேஸ்வரத்தில் பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் வைஃபை போட்டுக் கொடுத்தேன். ஒயர் இல்லாத நெட்வொர்க், எந்த அறையில் உட்கார்ந்தும் பேப்பர் படிக்கலாம், அமெரிக்காவில் இருக்கும் பேரனைப் பார்க்கலாம் என்றெல்லாம் விளக்கிவிட்டுத்தான் வந்தேன். ஒரே வாரத்தில் போன். ஹாலில் சிக்னல் இல்லை, சமையலறையில் இல்லை, எங்குமே இல்லை.

போய்ப் பார்த்தால் ரூட்டரைக் காணவில்லை. மனிதர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே பட்டுப்புடவைகளுக்கும் ஃபிக்சட் டெபாசிட் பத்திரங்களுக்கும் நடுவே என் ரூட்டர் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒயருக்காகப் பின்பக்கத்தில் டிரில் போட்டு ஓட்டைகூடப் போட்டிருந்தார். வெளியே வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் நெட்டை எடுத்துக்கொள்வாராம். இரும்புக்குள் வைத்தால் சிக்னல் யாருக்கும் போகாது என்று நான் பொறுமையாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ பக்கத்தாத்துக்காரனுக்கும் வரலை இல்லையா? பீரோ சரியாத்தான் வேலை செய்யறது!"

பேக்கரியில் ஒரு ஆட்டம்

எங்கள் தெருவிலேயே ஒரு பேக்கரி இருக்கிறது. முதலாளி அந்தோணி அண்ணன், கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டை சுவரில் எழுதி வைத்திருந்தார். வாடிக்கையாளருக்கு ஒரு நெட்வொர்க், கடைக்கு ஒரு நெட்வொர்க் என்று பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் தெருவில் போகிறவன் உங்கள் டிவியைப் பிடித்துவிடுவான் என்று சொன்னேன். "நம்ம ஜனங்க அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க" என்றார்.

வியாழக்கிழமை. சர்ச்சில் நொவேனா ஜெபத்துக்கு வந்த கூட்டம் முழுக்க கடையில். சுவர் டிவியில் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூலையில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த காலேஜ் மாணவி ஒருத்தி, தன் ரூம் டிவிக்கு என்று நினைத்தோ என்னவோ, போனில் ஓடிய பாட்டை டிவிக்கு அனுப்பும் பட்டனைத் தட்டினாள். ஜெபம் மறைந்து, ஒரு நடிகை மழையில் ஆட ஆரம்பித்தாள். அந்தோணி அண்ணன் ரிமோட்டை அழுத்த, சத்தம்தான் கூடியது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே நான் வேலையில் இருக்கும்போதே ஸ்டெல்லா கூப்பிட்டு, லைன் மறுபடி போய்விட்டது என்றாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிவிட்டு, அண்ணனின் நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்தேன். வெட்கப்பட வேண்டிய மனிதர் என் காதோடு சொன்னார்:

"தனித்தனியா பிரிச்சது நல்லதுதாம்ப்பா. ஆனா அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் ஒரு கிராக்கிகூட எந்திரிச்சுப் போகல."

ஸ்விட்சுக்கு ரஜா

பீன்யாவில் ஒரு ஃபேக்டரி. அதன் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோர்ப்பது லான். அந்த லானை டெல்லி கிளையோடு சேர்த்துக் கட்டுவது வான். அங்கே ஒருவன் பில் போட்டால் இங்கே சர்வரில் ஏறும். ஆயுத பூஜை அன்று டெல்லிக்காரர்கள் பில் போட முடியாமல் குய்யோ முறையோ என்று கத்த, மேனேஜர் என்னை அவசரமாக வரச் சொன்னார்.

சர்வர் அறையில், எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் பொரி, வாழைப்பழம். ஒரு விளக்கும் எரியவில்லை, குத்துவிளக்கைத் தவிர. ஸ்டோர் கீப்பர் முருகேசன் தர்மபுரிக்காரர். பூஜையெல்லாம் அவர் பொறுப்பு. லேத் மிஷினோடு சேர்த்து இதற்கும் லீவு விட்டு நிறுத்திவிட்டிருந்தார். நான் கையை நீட்டியதும் குறுக்கே வந்து நின்றார். மேனேஜர் பி.டெக்., எம்.பி.ஏ. படித்தவர், அவரும் ஸ்விட்சைத் தொடாமல் என்னைப் பார்த்தார். டெல்லி காத்திருக்கிறது என்றேன். முருகேசன் அசையவில்லை.

"வருஷம் பூரா ராவும் பகலுமா ஒழைக்குது சார். ஒரு நாளைக்கு ரஜா குடுத்தா டெல்லி என்னா முழுகியா போயிடும்?"

கடைசியில், இன்னொரு முறை கற்பூரம் காட்டி அனுமதி கேட்டுவிட்டு ஆன் பண்ணலாம் என்று சமாதானம் ஆயிற்று.

கற்பூர நேரத்தில் வந்த போன்

முருகேசன் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா கூப்பிட்டாள். அவள் கம்பெனிக்கு ஆயுத பூஜையெல்லாம் கிடையாது. அன்றுதான் வேலையை நிரந்தரம் செய்வதா என்று முடிவு செய்யும் மீட்டிங். லைன் செத்துவிட்டது. "இன்னிக்கும் போச்சுன்னா அவ்ளோதாங்க" என்றாள். பீன்யாவிலிருந்து விவேக் நகருக்குப் பறந்துதான் போகவேண்டும்.

போன் கேமராவை ரூட்டர் பக்கம் திருப்பச் சொன்னேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஷெல்ஃபில் இருந்தது. ரூட்டரின் ஒரு துளையில் தொடங்கிய ஒயர், வளைந்து, அதே ரூட்டரின் இன்னொரு துளைக்குள் போயிருந்தது. இப்படிச் சொருகினால் அனுப்பியதே திரும்பி வரும், வந்ததையே மறுபடி அனுப்பும். பெட்டி தன்னோடு தானே பேசிப் பேசி வேறு யாருக்கும் பதில் சொல்லாது.

அது என் லேப்டாப்புக்கான ஒயர். காலையில் நான் கழற்றிவிட்டுப் போனால் ஒரு முனை தொங்கும். மீட்டிங்குக்கு முன்னால் அவள் அறையைச் சுத்தப்படுத்துவாள். தொங்குகிற முனையைக் காலியாக இருக்கும் துளையில் பாந்தமாகச் சொருகிவைப்பாள். சாயங்காலம் நான் வந்து, பேச்சோடு பேச்சாக அதே முனையைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகி, லைன் அருமையாக இருக்கிறதே என்று அவளுக்கே வகுப்பு எடுப்பேன்.

"அதைப் பிடுங்கு!" என்று கத்தினேன். கற்பூரத் தட்டோடு நின்ற முருகேசன் பதறிப்போய்ச் சாமந்தி மாலையைப் பிடுங்கிவிட்டார். அங்கே ஸ்டெல்லாவின் லைன் உயிர்பெற, மீட்டிங் நடந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அவளே கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரத்தோடு, இனிமேல் ஒயரையெல்லாம் தொடாதே என்று அன்பாகத்தான் சொன்னேன்.

"ஊர் முழுக்க ஒயர் இழுக்கத் தெரியுது, வீட்ல ஒரு ஒயரைச் சுருட்டி வைக்கத் தெரியல. அதை எடுத்து வச்ச நான் குத்தவாளியா?"

பீரோவுக்குள் வைத்தாலும் மாலை போட்டு நிறுத்தினாலும் நெட்வொர்க்கை எப்படியாவது பிழைக்க வைத்துவிடலாம், ஆனால் அதைச் சரிசெய்யத் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிற்கிற நிபுணரிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்.