சிவகாமியின் மூன்றாவது கோடு

சொந்த ஊரான ஹனூரிலிருந்து சிவகாமியின் அண்ணன் போனில் கூப்பிட்டபோது, கண்ணாடித் தகட்டைக் கரைப்பான் தொட்டியில் அப்போதுதான் இறக்கியிருந்தேன். மஞ்சள் காமாலை என்று விடுப்பில் ஊருக்குப் போனவள் விடியற்காலையில் இறந்துவிட்டாளாம். "சரிங்க" என்று போனை வைத்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கரைப்பான் தகட்டின் உச்சியைத் தொட்டிருந்தது. அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்; தகடு வீண்.

மைசூர் ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் மரப்பட்டைச் சாற்றை இழுத்து, கரைப்பானை ஏறவிட்டால், சாற்றில் உள்ளவை தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். வேண்டிய கோட்டைச் சுரண்டிக் கழுவிப் பொருளை எடுப்போம். எங்களுக்கு வேண்டிய மூன்றாவது கோடு கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் நடுவை வேறொரு கண்ணாடியால் மூடி, ஓரத்தில் மட்டும் அமிலம் தெளித்துச் சூடு காட்டினால், ஓரம் மட்டும் கருகி அது இருக்கும் இடம் தெரியும்.

ஒருநாள் நான் மூட மறந்து, தகடு முழுவதும் தெளித்துவிட்டேன். அவள் இரண்டு வாரமாகச் சுத்தம் செய்து வைத்திருந்தது கருகிப்போனது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆய்வுக்கூடத் தலைவரான சாரின் அறை வாசலிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"கருகுனது கருகுனதுதான் புள்ள. சார்கிட்ட நீயே போய்ச் சொல்லோணும். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

சொன்னபடியே என் இடது பக்கத்தில் நின்றாள். நான் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும், "பாத்தியா, உன்னையத் தின்னுபோடல" என்று சிரித்தாள்.

தேவராஜ மார்க்கெட் பக்கம் போய், மருந்துச் சரக்குக் கடைக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டுப் புதுப் பட்டை வாங்கி வந்தாள். எத்தனையோ தகடுகளுக்குப் பிறகு, சிறு குப்பியின் அடியில் உப்புத்தூள்போல் கொஞ்சம் வெள்ளை சேர்ந்தது. ஊருக்குப் புறப்படும்போது அதை என் கையில் வைத்து மூடினாள்.

போன வாரம் குப்பியையும் அறிக்கையையும் ஆய்வுக்கூடத்திலிருந்து மேல்சோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் அவள் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. தனியாகவே சாரின் அறைக்குப் போய், மூன்றாவது கோட்டைப் பிரித்தது சிவகாமி என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "போயாச்சம்மா. இன்னேனு மாடோது?" என்றார். இனி என்ன செய்வது என்று உண்மையாகவே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அதனால்தான் அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அது அவள் பிரித்த பொருள். குப்பியும் என்னிடம் இல்லை. அன்று சாரின் மேசை முன்னால் நின்றபோது, இடது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தேன். அந்தப் பழக்கம் மட்டும் இருக்கிறது.