மூன்றரைச் சுற்று

ரப்பர் தகரத்தில் உரசிக் கருகும்போது ஒரு மணம் வரும். தலைமுடி எரிவதும் பால் அடிப்பிடிப்பதும் ஒன்றாகக் கலந்ததுபோல வந்து, தொண்டையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு அன்றைக்கு முழுவதும் போகாது. என் கராஜின் கதவைத் தாண்டி ஒரு பிக்கப் உள்ளே வந்தால், ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கிப் "பொன்ஜூர்" சொல்லி முடிப்பதற்குள், எந்தச் சில்லு, உட்பக்கமா வெளிப்பக்கமா என்று அந்த மணத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று ஏழு பேருக்கு வேலை கொடுக்கிறேன். மொன்றியலில் பெரிய ரயர் போட்டு மாட்டிக்கொண்ட பொடியன்கள், படித்த கராஜுகளெல்லாம் கையை விரித்த பிறகு, கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள்.

அந்த மணத்தை நான் முதலில் முகர்ந்தது பதினைந்து வயதில், மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் பின்சந்தில். அப்பா, அம்மா, நான் மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அது இரண்டாவது பனிக்காலம். பேப்பர் போட்டு எங்களைக் கனடாவுக்கு "எடுத்தவர்" மாமா, அம்மாவின் மூத்த அண்ணர். "எடுத்தவர்" என்ற சொல்லின் பாரம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எடுத்தவர் வந்தால் வீட்டிலுள்ள ஒரே நல்ல கதிரை அவருக்கு. மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு. ஊரில் மாமாவை "வாடா மச்சான்" என்று கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுத் திரிந்த என் அப்பா, விமானத்தால் இறங்கிய நாளிலிருந்து "வாங்கோ மச்சான், இருங்கோ மச்சான்" என்று எழுந்து நிற்கத் தொடங்கினார்.

அப்பாவிடம் பழைய சிவப்புப் பிக்கப் ஒன்று இருந்தது. விடியற்காலையில் சந்தையில் மரக்கறி ஏற்றி, தமிழ்க் கடைகளுக்கும், ரொக்ஸ்பரோப் பக்கம் குடிபோயிருந்த எங்கள் ஆட்களின் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் மூன்று பேரின் சோறும் அந்த வண்டியின் நான்கு சில்லுகளில்தான் ஓடியது. மாமா லொங்குய்யில் பழைய கார் உடைக்கும் இடம் ஒன்றில் வேலை செய்தார். முதல் பனி விழுந்த கிழமை, அங்கிருந்து நான்கு பெரிய ரயர்களைச் சில்லோடு கொண்டுவந்து இறக்கினார்.

"பெரிய ரயர் எண்டால் ஸ்நோவை மிதிச்சுக்கொண்டு போகும் மச்சான். என்ர தங்கச்சியின்ர மனிசன் ரோட்டில வழுக்கி விழ நான் விடமாட்டன்" என்றார். தானே பூட்டினார். சரியான அளவில் இருந்த பழைய ரயர்களை அன்றே ஏற்றிக்கொண்டும் போய்விட்டார்.

மறுநாள் அப்பா பின்சந்திலிருந்து தெருவுக்குத் திரும்ப ஸ்ரியரிங்கை வெட்டினார். "சர்ர்ர்" என்று ஒரு சத்தம், அதன் பின்னால் அந்த மணம். முழுதாக வெட்ட முடியாததால், முன்னுக்கும் பின்னுக்குமாக ஆறு தடவை போய்வந்துதான் வெளியே வந்தார். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தினமும் காலையில் கோப்பியோடு வந்து நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார்.

வண்டிக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடித்தவன் நான்தான். பள்ளிக்கூடத்தில் எடுத்த சோக்கட்டியால் சில்லுக்கு மேலே வளையும் "மட்காட்" விளிம்பிலும் உள்ளே சில்லைத் தாங்கும் இரும்புக் கையிலும் பூசினேன். அப்பாவை ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் வெட்டச் சொல்லிவிட்டு, பனியில் மல்லாந்து கிடந்து, எங்கே சோக் அழிந்திருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு இடத்திலும் அழிந்திருந்தது. ஒருவரும் சொல்லித் தராமல் அந்த வயதில் எனக்கு அந்த மூளை இருந்தது.

அன்று மாமா வந்திருந்தார். எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு சொன்னேன். "வண்டியில பிழை இல்லை மாமா. ரயர்தான் பெரிசு. பழசைத் திருப்பித் தாங்கோ, போடுவம்."

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. "பெரிய ஆக்கள் கதைக்கேக்க வாயைப் பொத்து. மாமா தந்த சாமான்."

மாமா சிரித்தார். "விடு பிள்ளை, அவன் எஞ்சினியராம்." பிறகு அப்பாவிடம், "தகரம்தானே மச்சான், நாங்கள் சொன்னபடி கேக்கும்" என்றார். அது அவருடைய வாய்ப்பாடம். எந்த வண்டிக்கும் எந்த மனிதருக்கும் அதையே சொல்லுவார்.

ஆக, தந்த ரயரைப் பிழை சொல்ல முடியாது என்பதற்காக, வண்டியை வெட்டத் தொடங்கினோம். முதலில் மட்காட்டின் உட்புறப் பிளாஸ்ரிக்கைக் கழற்றி எறிந்தோம். அடுத்து விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடித்தோம். அதுவும் போதாமல் கிரைண்டரால் ஒரு கையகலம் அறுத்தோம். வெளியே உரசுவது நின்றது, உள்ளே நிற்கவில்லை. ஆறு வயதில் விளையாட்டு வண்டி செய்த பிள்ளைக்கும் தெரியும், காலுக்குச் செருப்பு அளவில்லையென்றால் காலை வெட்டக்கூடாது என்று. வெட்டிக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. சொன்னவனுக்குத்தான் அறை விழுந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா இரண்டு இரும்புத் தட்டுகளோடு வந்தார். சின்னிவிரலில் பாதித் தடிப்பு. சில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் தட்டை வைத்தால் சில்லு வெளியே தள்ளி நிற்கும், உட்பக்கம் உரசாது. அந்த அளவில் அவர் கணக்குச் சரி. ஆனால் தட்டு தின்ற இடத்தை, நட்டு ஏறும் ஆணியின் மரைதான் கொடுக்க வேண்டும். முன்பு நட்டு எட்டுச் சுற்றுச் சுற்றித்தான் இறுகும். இப்போது மூன்றரைச் சுற்றில் நின்றது. சில்லைப் பூட்டியவன் நான். ஒவ்வொரு நட்டையும் என் விரலால் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, அரை. அவ்வளவுதான்.

குனிந்திருந்த எனக்கு மேலே நின்று அப்பா கேட்டார். "தம்பி, இறுகீட்டுதோ?"

மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். அம்மா குசினி ஜன்னலில் நின்றாள். குசினி மேசையில் ஒரு கடுதாசி கிடந்தது. அம்மாவின் தங்கச்சியை, என் சித்தியை, சண்டைக்குள்ளிருந்து எடுப்பதற்கான பேப்பர் அது. மூன்று கிழமையாக மாமா "பேந்து பாப்பம்" என்று கையெழுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

"ஓம் அப்பா" என்றேன்.

அன்று மத்தியானமே, கறுப்பு எண்ணெய்க் கையைத் துடைக்காமல் மாமா கையெழுத்துப் போட்டார். அவருடைய பெருவிரல் அடையாளம் பேப்பரின் மூலையில் விழுந்திருந்தது. அம்மா அதை மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

பத்து நாள் கழித்து, ரொக்ஸ்பரோவுக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் இடப்பக்க முன்சில்லு கழன்று, வண்டியையே முந்திக்கொண்டு ஓடியதாம். வண்டி கல்லுச் சுவரில் மோதி, அப்பாவின் வலது முழங்கால் நொறுங்கியது. எனக்குச் செய்தி வந்தது கணக்கு வகுப்பில். ஆஸ்பத்திரியில், பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் அப்பா ஒரே பதிலைச் சொன்னார். "ஐஸ் வழுக்கிட்டுது." கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மாமாவும் தலையாட்டினார். "சரியான ஐஸ்."

அப்பா அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. நட்டைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை, சாகும்வரை. அம்மா தையல் ஃபக்டரிக்குப் போனாள். நான் பதினாறு முடிந்ததும் பள்ளியை விட்டு ஒரு கராஜில் கூட்டிப் பெருக்கப் போனேன். அங்கிருந்து இந்த இடம்வரை நான் வந்த வழியை வேறு எவனாவது வந்திருந்தால் காட்டுங்கள். சித்தி வந்தாள். இன்று ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். மாமாவைக் கடவுள் என்கிறாள். நானோ நாற்பது வருடமாக, கலியாணவீடு, செத்தவீடு என்று பாராமல், என் அப்பாவின் காலைத் தின்றது மாமாவின் தட்டுத்தான் என்று சொல்லிவருகிறேன்.

போன மாதம் அந்த மணம் மறுபடி என் கராஜுக்குள் வந்தது. புதுப் பிக்கப், யானைக்குப் பூட்டுகிற ரயர். ஓட்டி வந்தவர் மாமாவின் இளைய மகன். பக்கத்து இருக்கையில் மாமா, தொண்ணூறை எட்டப்போகும் வயதில், தொப்பியோடு.

"மட்காட்டைக் கொஞ்சம் அறுத்துவிடு தம்பி, சரிவரும்" என்றார்.

"இல்லை மாமா. ரயர்தான் பெரிசு" என்றேன். அந்த வசனத்தைத் திரும்பச் சொல்ல எனக்கு நாற்பது வருடம் எடுத்திருக்கிறது. இந்த முறை அறைய ஒருவரும் இல்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை. பின்சந்தில் வண்டி நின்ற இடத்தில் இப்போது பூச்செடிப் பெட்டிகள். சிவப்புப் பிக்கப்பை மாமாவே லொங்குய்க்கு இழுத்துக்கொண்டுபோய் நசுக்கிவிட்டார், அந்தத் தட்டுகளோடு.

மகன் "சரி அண்ணை, நீங்கள் சொல்லுறபடி செய்யுங்கோ" என்றார். மாமாவைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல கதிரைதான். சரியான அளவு ரயரை வரவழைத்து நானே பூட்டினேன். என் கராஜில் ஒரு சட்டம் உண்டு, நட்டின் சுற்றைச் சத்தமாக எண்ண வேண்டும். வேலையாட்கள் சிரித்தாலும் எண்ணுவார்கள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா தேத்தண்ணியைப் பார்த்தபடி, கோபமில்லாமல், சும்மா ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார். "அண்டைக்கும் நீதானே இறுக்கினனி."

என் வேலையாட்களுக்குத் தமிழ் தெரியாது. மகனுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம் மாமா" என்றேன்.

நாலாவது நட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.