ஓரகத்தி வீட்டு டிரிப்பர்

சுளகில் கிடக்கும் ஏலக்காயை ரசியாவின் விரல்கள் பார்க்காமலே பிரிக்கும். வெடித்தது இந்தப் பக்கம், பச்சை மாறாத பருங்காய் அந்தப் பக்கம். கண் நடுச்சுவரின் மேல் இருக்கும். சுவருக்கு அப்பால் ஓரகத்தி மெஹ்ரினின் வீடு. அங்கே மிக்சி ஓடினால், "எந்நேரமும் சட்னிதேன். நாக்குக்கு வாழ்றவ" என்பாள். ஓடாவிட்டால், "கடையில வாங்கித் திங்கிறா பாருங்க, நர்சம்மா."

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைக் கவனிக்கத்தான் போடியில் ரசியா வீட்டுக்குப் போகிறேன். இரும்புக் கட்டில், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, அதற்கொரு சின்ன மோட்டார். ரசியா குறை சொல்ல முடியாத மருமகள். உடம்பு துடைக்கும் வெந்நீரை முழங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் தருவாள். கூடவே கேட்பாள்: "மாமி, நான் வச்ச கஞ்சி ருசியா, அவ வச்சதா?" மாமியார் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் ஈரக்கையோடு கட்டிலைத் தொட்டேன், சுருக்கென்றது. மோட்டார் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். வீட்டு வயரிங் முழுவதையும் ஆள் வைத்துச் சோதிக்கச் சொன்னேன். "காய் சீசன் முடியட்டும்" என்றாள் ரசியா. மறுபடி சொன்னேன், அதே பதில். மெத்தை காற்றிறங்கிக் கிடக்க, மாமியாரை நான் அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்தேன். பிறகு மெஹ்ரின் வீட்டில் டிரிப்பர் மாட்டினார்கள். ஷாக் அடித்தால் கரண்டைத் தானே நிறுத்தும் பெட்டி. அன்று மதியமே ரசியா கூப்பிட்டனுப்பிய எலெக்ட்ரீஷியன் சுருளி வாசலில் நின்றார்.

ஒவ்வொரு பிளக்காக அவர் சோதிக்க, ரசியா பின்னாலேயே போனாள். மோட்டார் செருகும் பிளக் பாயிண்டில் எர்த் வயரே இல்லை. பரண்மேல் எலி கடித்த வயர் செம்பு தெரியக் கிடந்தது.

"மெல்லப் பேசுங்கண்ணே, அங்கிட்டுக் கேக்கும். அவ வீட்டுல எத்தன கோளாறு புடிச்சீக?"

"அங்க நான் போகலையே, ஆத்தா. பெட்டி வித்த கடைக்காரரே மாட்டிட்டுப் போனாரு. வீட்டை ஆரும் சோதிக்கல."

ரசியாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம வீடுதேன் டெஸ்ட் பண்ணுன வீடு!"

எர்த் இழுத்து, வயர் மாற்றி, டிரிப்பரும் மாட்டிய சுருளி அதிலிருந்த பொத்தானைக் காட்டினார். "மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாருங்க. கரண்டு கட்டாகணும். ஆகலைன்னா பெட்டி இருந்தும் இல்லாத மாதிரிதேன்." ரசியா அன்றைக்கே ஒரு வருடத்துக்கானதை அமுக்கித் தீர்த்தாள். ஃபேன் நின்று நின்று ஓடியது.

"விடு தாயி, மாமிக்கு வேர்க்குது" என்றேன்.

மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். "வாங்க நர்சம்மா, அவ பெட்டி லட்சணத்தைப் பாப்போம்."

மெஹ்ரின் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, வழி தெரிஞ்சுச்சா?"

"மகராசி, ஒம் பெட்டியப் பாக்க வந்தேன்" என்று குத்தலாகச் சொல்லிக்கொண்டே ரசியா டிரிப்பர் பொத்தானை அமுக்கினாள். கிரைண்டர் ஓடியது. மறுபடி அமுக்கினாள். ஓடிக்கொண்டே இருந்தது.

தெருவையே கூட்டிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எட்டி மெயினை அணைத்தாள்.

"சுருளியண்ணனுக்குப் போனப் போடு, வெரசா" என்றாள் மெஹ்ரினிடம். பிறகு என்னிடம், "என் சுளகைக் கொண்டாங்க."

மெயின் சுவிட்சுக்குக் கீழே சுளகோடு உட்கார்ந்தாள். விரல்கள் காயைப் பிரித்தன. சுருளி வந்து சேரும்வரை கண் சுவிட்சைவிட்டு நகரவில்லை.