ஈய ராணி

இன்று முல்லைத்தீவில் வலைச்சாமான் கடையொன்றில் ஈயக்குண்டைக் கையில் எடுத்தபோது, நைலோனும் உப்பும் கலந்த மணத்தோடு, கடற்கரையில் அப்பா வலை வைத்திருந்த ஓலைவாடி, இப்போது வெறும் மணலாகிவிட்ட அந்த வாடி, திரும்பி வந்தது. மத்தியானங்களில் மீன்பெட்டிப் பலகையில் கட்டம் கீறி நானும் அப்பாவும் செஸ் விளையாடுவோம். காய்களெல்லாம் வலை மிதப்பில் சீவியவை, ஊதினாலே பறக்கும்; ராணிகள் இரண்டு மட்டும் ஈயக்குண்டு. காற்று காய்களைக் கலைத்தால் ஆட்டம் சமன் என்பது வாடிச் சட்டம். அப்பா தன் ராணியை டொக்கு டொக்கென்று குத்தி, எதிரில் நின்றதையெல்லாம் வெட்டிக்கொண்டே வருவார். தோற்கப்போகிறார் என்றால் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஆறுதலாகக் கடற்காற்றுக்குக் காத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரை நான் வென்றதேயில்லை.

ஒருநாள் என் ராணியை அவருடைய ராசாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

“என்ன பிள்ளை, ராணியைச் சும்மா தாறாய்?” என்று சிரித்தபடி கோட்டையால் வெட்டினார். பிறகுதான் கண்டார், தன் காய்களுக்குள்ளேயே ராசா அசைய இடமில்லாமல் நிற்பதையும், என் குதிரை ஒரே பாய்ச்சலில் அதை மடக்கப்போவதையும்.

வழக்கம்போலச் சுருட்டைப் பற்றவைத்தார். கூரைக் கிடுகு சலசலத்தது. காற்று வந்துவிட்டது. அவசரமாகக் குதிரையைத் தூக்கினேன். அப்பா சுருட்டை எறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் பலகையைச் சுற்றி அணைத்துக் குனிந்தார்.

“பதறாமல் வை, பிள்ளை. காத்தை நான் மறைச்சுக்கொண்டிருக்கிறன்.”